தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் நாள்

“கீழ போறதுக்கு உனக்கு எதுக்குப்பா நம்பர்? அங்க உன் பேர மறந்துடுவாங்களா?”

ஆறு வயது மகள் ஒரு நாள் விடியற்காலையில் இப்படிக் கேட்டபோது, அவள் தகப்பன் இடது கால் பூட்ஸின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். வலது காலையும் முடிந்து முடிக்கும் வரை யோசித்தான். பதில் கிடைக்கவில்லை. “மத்தியானம் சொல்றேன் கண்ணு” என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

எதையும் உடனே சொல்லிவிடுகிறவன் அல்ல அவன். சுரங்கத்தில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால் மற்றவர்கள் அப்போதே சிரித்து முடிப்பார்கள். நிதானம் மறுநாள் டீ குடிக்கும்போது திடீரென்று சிரிப்பான். அதனால் அவன் கூட்டாளிகளுக்கு ஒரே வேடிக்கையில் இரண்டு நாள் சந்தோஷம் கிடைத்தது. கரி வெட்டுவதிலும் அப்படித்தான். மெதுவாக வெட்டுவான். ஆனால் அவன் முட்டுக்கொடுத்த கூரையிலிருந்து இதுவரை ஒரு சில்லுகூட உதிர்ந்ததில்லை.

சிறிய ஊர். ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், தெருக்கோடியில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். வெள்ளைச் சட்டை என்பது அங்கே வெறும் ஆசைதான். துவைத்துக் கொடியில் போட்டால் காய்வதற்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் கரித்தூசியோடு சமாதானமாகப் போய்விட்டார்கள். அவர்களால் சமாதானமாகப் போக முடியாதது ஒன்றே ஒன்று: குளியலறைத் தண்ணீர்.

அது சுரங்கத்தின் அடியிலிருந்து இறைத்து வரும் தண்ணீர். கோடையிலேயே பல்லைக் கிட்ட வைக்கும். குளிர்காலத்தில், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த ஆண்பிள்ளைகள் அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு போடும் கூச்சல் பள்ளிக்கூடம் வரை கேட்கும். ஆசிரியை எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடருவார். காரணம் குளிர் மட்டுமல்ல, கூச்சலில் கலந்திருந்த சில வார்த்தைகளும்தான்.

அதனால்தான் கம்பெனி மூன்று வருடங்களுக்கு முன்பு வாசலில் ஒட்டிய அறிவிப்பை ஊரே மனப்பாடம் செய்திருந்தது. ஆபத்துச் சங்கு ஊதாமல் தொடர்ந்து ஆயிரம் நாள் சுரங்கம் ஓடினால், குளியலறைக்கு வெந்நீர்க் கொதிகலன் ஒன்று வைத்துத் தரப்படும். அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. காவலாளி தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்.

எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியதும் ஊரின் நடையே மாறிவிட்டது. சண்டைக்காரர்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். மளிகைக்கடைக்காரர் வாசனை சோப்பு இரண்டு பெட்டி வரவழைத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். ஒருவன் கீழே விரலை நசுக்கிக்கொண்டான். கட்டுப் போட வந்த நர்ஸிடம், “ஒரு விரல்தானேம்மா? இன்னும் ஒன்பது இருக்கு. வெளிய சொல்லிடாதீங்க” என்று கெஞ்சினான்.

நிதானமும் அந்த வெந்நீருக்காக ஏங்கினவன்தான். மற்றவர்கள் பச்சைத் தண்ணீரை இரண்டு நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவனுக்கு எதையும் வேகமாகச் செய்ய வராதே. கால் மணி நேரம் நின்று நடுங்குவான்.

இனி விளக்கறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் விளக்கறை ஜன்னலில் தலைவிளக்கு ஒன்றையும், தன் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றையும் வாங்கிக்கொள்வான். மேலே வந்ததும் இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளக்கை யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். வில்லையை மட்டும் அவனவன் கையால் தர வேண்டும். ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஒரு வில்லை உள்ளே இருக்கும் கொக்கிப் பலகைக்கு வரவில்லை என்றால், ஒரு மனிதன் இன்னும் மண்ணுக்கு அடியில் இருக்கிறான் என்று அர்த்தம். சங்கை ஊத வேண்டும். ஜன்னலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: வில்லையை வாசலுக்கு வெளியே கொண்டு போகிறவர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

விளக்கறைக்காரர் ஒண்டிக்கட்டை. ஐம்பது வயதைக் கடந்தவர், கடவுள் பயம் உள்ளவர். ஒவ்வொரு வில்லையைக் கொடுக்கும்போதும் உதடு லேசாக அசையும். எண்ணிப் பார்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அந்தந்த ஆளுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் கலைந்து எல்லா வில்லையும் கொக்கியில் ஏறிய பிறகு, கடைசி ஆளாகக் குளிக்கப் போவார். அவர் மட்டும் குளிக்கும்போது கூச்சல் போட்டதில்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் நாள். நிதானம் காலையிலிருந்து மகளின் கேள்வியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தான். கரி தானாக விழுந்தது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, கூண்டில் மேலே ஏறும்போது வில்லையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூற்றுப்பதினேழு. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, வெளிச்சம் தெரிகிற இடத்தில் பதிலும் தெரிந்துவிட்டது. தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்ட நாளிலேயே பதில் கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“மச்சான், என் விளக்கையும் சேர்த்துக் குடுத்துடு. நான் அவசரமா பள்ளிக்கூடம் போகணும்.”

மனைவியின் தம்பி வாயைப் பிளந்தான். “அவசரமாவா? மாமா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

நிதானம் குளிக்கவுமில்லை. கரி அப்பிய முகத்தோடு, பின்வாசல் வழியாக, சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனான். வில்லையை எப்போது சட்டைப்பையில் போட்டான் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் மகளைப் பிடித்து மண்டியிட்டு உட்கார்ந்தான். “கண்ணு, அந்த நம்பர் பேர மறக்கறதால இல்ல. எத்தனை பேர் மேல வரணும்கறத மறக்காம இருக்கறதுக்கு. ஒருத்தர் குறைஞ்சாலும் எல்லாரும் தேடுவாங்க. புரியுதா?”

மகள் வாயைத் திறப்பதற்குள் சங்கு ஊதியது.

மூன்று வருடமாக அந்த ஊர் கேட்காத சத்தம். தெருவில் ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. நிதானம் மகளை ஆசிரியையிடம் விட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவனைப் பார்த்த தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

“நிதானமே ஓடறான்! ஐயோ, கீழ பெரிய விபரீதம் போலருக்கே!”

அதைக் கேட்டு, அதுவரை நடந்துகொண்டிருந்தவர்களும் ஓடினார்கள்.

சுரங்க வாசலில் பாதிப் பேர் இடுப்பில் துண்டோடும் தலையில் சோப்பு நுரையோடும் நின்றார்கள். ஒருவர் மேலே வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை. வீட்டாருக்குத் தெரிவிக்கும் முன் எண்ணை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து அவரவர் ஆளைத் தேடினார்கள். நிதானத்தின் மனைவி அவன் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

“நீங்க இருக்கீங்க. சாமி, நீங்க இருக்கீங்க” என்றாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். “ஐயோ, எவ வீட்டுக்காரரோ… நான் சந்தோஷப்படறேனே, பாவம்.”

“எனக்கும் பாவமாத்தான் இருக்கு” என்றான் நிதானம். அவன் கண்ணீர் கரியில் இரண்டு கோடு போட்டது.

ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு ஆளைக் கண்டுபிடித்தாள். கடைசியில் கையில் ஆள் இல்லாத பெண் ஒருத்திகூட மிஞ்சவில்லை. அழ வேண்டியது யார் என்று தெரியாமல் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அழுதார்கள். பிறகு கல்யாணமாகாதவர்களை எண்ணிப் பார்த்தார்கள். அவர்களும் சரியாக இருந்தார்கள்.

“தேட இறங்கறவங்க வரிசையில வாங்க!” என்று விளக்கறைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

நிதானம் மனைவியின் கையை விலக்கிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றான். மற்றவர்கள் இன்னும் சட்டையையும் பூட்ஸையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன ஜன்னலுக்கு உள்ளே விளக்கறைக்காரர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நூத்திப்பதினேழு” என்றான் நிதானம்.

அவர் கை அப்படியே நின்றது.

நிதானம் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பலகையைப் பார்த்தான். அத்தனை கொக்கியிலும் வில்லை தொங்கியது, அவனுடையதைத் தவிர.

“அண்ணே! எவனோ என் வில்லைய எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டான் அண்ணே!”

விளக்கறைக்காரர் மெல்லத் திரும்பினார். கரி பூசிய அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் போலச் சொன்னார்:

“தம்பி, உன் சட்டைப்பையில கைய விடு.”

நிதானம் கையை விட்டான். கை அங்கேயே இருந்தது. அவன் முகத்தில் விஷயம் மெல்ல மெல்ல விடிந்தது. வாழ்க்கையில் அவனுக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் புரிந்ததில்லை, இவ்வளவு நேரம் எடுத்ததாகவும் தோன்றியதில்லை.

விளக்கறைக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். வில்லையை வாங்கிக்கொண்டார், வாங்கியபோது அவன் விரல்களையும் சேர்த்து ஒரு தடவை இறுக்கிப் பிடித்து விட்டார். அதைக் கொக்கியில் மாட்டினார். வெளியே வந்து படியில் நின்றார்.

“எண்ணிக்கை சரியாயிடுச்சு! எல்லாரும் மேலதான் இருக்காங்க. கடவுளுக்கு நன்றி. வீட்டுக்குப் போங்க.”

சந்தோஷம் பத்து நிமிஷம் இருந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். துண்டு அவிழ்ந்ததைக்கூட யாரும் பெரிதுபடுத்தவில்லை. பதினோராவது நிமிஷத்தில் காவலாளி கரும்பலகைக்கு முன்னால் போய், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு பூஜ்யம் போட்டார். கூட்டம் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தது.

“எவன்யா அது?” என்றான் விரல் நசுங்கினவன்.

“எவனா இருந்தாலும் சரி, இன்னிக்கு அவனைப் பச்சைத் தண்ணித் தொட்டியில முக்கி எடுக்கணும்!”

“அண்ணே, நம்பரச் சொல்லுங்க!”

“சொல்ல மாட்டேன்” என்றார் விளக்கறைக்காரர்.

மேனேஜர் வந்து கேட்டார். விளக்கறைக்காரர் படிவத்தை நீட்டினார். சங்கு ஊதிய நேரம், எண்ணிக்கை சரியான நேரம், இரண்டும் அழகாக எழுதியிருந்தது.

“யாருன்னு எழுதலையே?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க சார்.”

மேனேஜர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். உண்மையிலேயே கட்டம் இல்லை. கட்டம் இல்லாத விஷயத்தை விசாரித்தால் புதிதாக ஒரு படிவம் அடிக்க வேண்டியிருக்கும். “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திட்டுவதற்கு ஆள் கிடைக்காத ஊர், கையில் கிடைத்த ஆளைத் திட்டத் தொடங்கியது. “இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன? வானம் இடிஞ்சா விழுந்திருக்கும்?” “சட்டம் பேசற மனுஷனுக்குச் சூடு சொரணை எங்க இருக்கு? அதான் வெந்நீர் வேண்டாம்னுட்டார்.” மறுநாள் விளக்கறைக் கதவில் யாரோ கரியால் ஒரு வாளி வரைந்து வைத்தார்கள். முடிதிருத்தகத்தில் அவர் உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் வெட்டினார்கள். மளிகைக்கடைக்காரர் அவருக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும்போது அந்த வாசனை சோப்பு அலமாரியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். குளியலறையில் முதல் குவளை தலையில் விழுந்ததும் அத்தனை பேரும் கடவுளைக் கூப்பிடுவதற்குப் பதிலாக விளக்கறைக்காரரைக் கூப்பிட்டார்கள், நல்ல வார்த்தையால் அல்ல.

நிதானம் நான்கு நாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். நான்காம் நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்ததும் விளக்கறை ஜன்னலில் முகத்தை வைத்தான்.

“அண்ணே, நான் சொல்லிடறேன்.”

“என்னத்த?”

“நான்தான்னு.”

“சொன்னா என்ன ஆகும், மேல எழுதியிருக்கறத வாசி.”

நிதானம் சிவப்பு எழுத்தை வாசித்தான். ஏற்கெனவே அதை வாசித்துத்தான் நான்கு நாள் தூங்காமல் கிடந்தான். வேலை போனால் கம்பெனி வீடும் போகும். மனைவி, மகள், மச்சான் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும்.

“போனாப் போகட்டும் அண்ணே. உங்க மேல விழற பேச்ச என்னால கேக்க முடியல.”

“எனக்குக் காது மந்தமில்ல தம்பி, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.” அவர் ஒரு விளக்கின் கண்ணாடியைத் துடைத்தார். “சங்கு கயித்த இழுக்கறப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிக்கிட்டேன். நூத்திப்பதினேழு உசுரோட வரணும்னு. வேண்டின வாய மூடறதுக்குள்ள நீ வந்து ஜன்னல்ல நிக்கிற. அதுக்கு மேல நல்ல பேரும் வேணும்னு கேட்டா, சாமி என்னைப் பத்தி என்ன நினைக்கும்?”

“ஆனா அண்ணே…”

“ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. அன்னிக்குத் தப்பு பண்ணினது நீ. அத மறைச்சு வெச்சது நான். இதுல உன் பொண்ணு எங்க வந்தா? அவ ஏன் வீடு இல்லாம நிக்கணும்? போ, போய்க் குளி. நாறுது.”

நிதானம் குளிக்கப் போனான். உள்ளே வழக்கமான கச்சேரி நடந்துகொண்டிருந்தது. விரல் நசுங்கினவன் ஒரு குவளை ஊற்றிக்கொண்டு விளக்கறைக்காரரின் முன்னோர்களைக் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நிதானம் சிரிக்கவில்லை, அது வழக்கம்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவன் பேசினான்.

“அன்னிக்குக் கீழ இருந்தது நீயா இருந்திருந்தா?”

“என்ன?”

“நீ கீழ இருக்கே. கூரை விழுந்துடுச்சு. விளக்கறை அண்ணன் வெந்நீர நினைச்சுக்கிட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுக்கறார். அப்புறம் நாங்க எல்லாம் ஆயிரமாவது நாள்ல வெந்நீர்ல குளிக்கறோம். உன் பேரச் சொல்லிக்கிட்டே குளிக்கறோம்.” அவன் மூச்சு வாங்கினான். இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் அவன் பேசினதில்லை. “எனக்கு அந்தத் தண்ணி வேண்டாம்.”

விரல் நசுங்கினவன் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் மச்சான்தான் வாயைத் திறந்தான்.

“மாமா, இத நீங்க எப்ப யோசிக்க ஆரம்பிச்சீங்க? போன வருஷமா?”

சிரித்தார்கள். ஆனால் அன்று அதற்குப் பிறகு யாரும் விளக்கறைக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் கதவிலிருந்த வாளிப் படத்தை யாரோ துடைத்திருந்தார்கள். முழுதாகத் துடைக்கவில்லை, கைப்பிடி மட்டும் மிச்சம் இருந்தது. மனிதர்கள் நல்லவர்களாக மாறும்போது எப்போதும் கொஞ்சம் கைப்பிடி மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

நிதானத்துக்கு அது போதவில்லை. ஒருவருடைய நல்ல பெயரைப் பாதி துடைத்துக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? வாயால் தீர்க்க முடியாததை வேறு எதனால் தீர்ப்பது என்று அவன் யோசித்தான். வழக்கம்போல் அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

கூண்டை மேலும் கீழும் இழுக்கிற எந்திரம் நீராவியில் ஓடியது. கம்பெனி எந்திரத்துக்கு மட்டும் வெந்நீர் வைத்திருந்தது. அந்த எந்திர அறையின் பின்சுவரில், சாம்பல் குவிந்து கிடக்கும் இடத்தில், ஒரு பழைய குழாய்மூட்டு கசிந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக. நல்ல சுத்தமான, கையைச் சுடுகிற தண்ணீர். அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாளி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்காக முக்கால் மணி நேரம் குளிரில் நிற்கிற பொறுமை ஊரில் யாருக்கு இருக்கிறது?

அன்று இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. நிதானம் விளக்கைத் தன் கையாலேயே கொடுத்தான், வில்லையைத் தன் கையாலேயே கொடுத்தான். கொக்கியில் அது ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான். மற்றவர்கள் குளிக்கப் போனபோது அவன் எந்திர அறைக்குப் பின்னால் போய், குழாயின் கீழ் வாளியை வைத்துவிட்டு, சாம்பல் மேட்டில் சாய்ந்து நின்றான். தண்ணீர் ஏற ஏற, அது ஆறாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி வாளியைச் சுற்றிக் கட்டினான். குளிர் முதுகைக் கடித்தது. பல் தந்தியடித்தது. ஆனாலும் அவன் எங்கும் போகவில்லை.

வாளி நிறைந்தபோது குளியலறையில் யாரும் இல்லை. விளக்கறையில் இன்னும் வில்லைகளை எண்ணுகிற சத்தம் கேட்டது. நிதானம் அடிமேல் அடி வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், வாளியைக் கடைசி மூலைக்குக் கொண்டு போனான். விளக்கறைக்காரர் தினமும் துண்டை மாட்டுகிற ஆணி அங்கேதான் இருந்தது. சட்டையை அவிழ்த்துக்கொண்டு, வாளியை ஒரு பலகைத் துண்டால் மூடினான். ஓரத்தில் ஆவி எட்டிப் பார்த்தது. பலகையைக் கொஞ்சம் நகர்த்தி அதையும் மூடினான்.

அடுத்த மூலையில் இருந்த தொட்டியில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரை மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டான். வந்த கூச்சலைக் கையால் பொத்திக்கொண்டான். அவசர அவசரமாக இன்னும் நான்கு குவளை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்பக்கம் காலடிச் சத்தம் கேட்பதற்குள், பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே நடந்தான்.